இடக்கையில் நாடி இல்லை: ஓர் அரிய நோயை எப்படி எண்ணுவது, அதன் செலவை எப்படிக் கூட்டுவது

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவ முகாம் போட்டோம். வீடு வீடாகப் போய் உடல்நலக் கணக்கெடுப்பதுதான் என் வேலை. அதனால் ரத்த அழுத்தம் பார்க்கும் மேஜையை என்னிடம் விட்டுவிட்டார்கள். வரிசையில் இட்லிக்கார அக்காவின் மகள் வந்தாள். வயது 22, தையல் பட்டறையில் வேலை. இடக்கையில் பட்டையைச் சுற்றினேன். மெஷின் காற்றை ஏற்றியது, இறக்கியது, மறுபடி ஏற்றியது. கடைசியில் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு நின்றது.

"தம்பி, அது ரிப்பேரு மெஷினு. இவளுக்கு எங்க போனாலும் இடக்கையில இப்படித்தான் காட்டும். வலக்கையில போடுங்க" என்றார் அக்கா.

வலக்கையில் 164-க்கு 98. அந்த வயதுப் பெண்ணுக்கு இருக்கக் கூடாத எண். பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் துடிப்பு விரலைத் தட்டியது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினேன், கை சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஆச்சி சொன்னார்: "பொம்பளைக்கு இடக்கையிலதான் நாடி பாக்கணும்னு எங்க ஊரு வைத்தியரு சொல்லுவாரு. இவளுக்குப் பாத்துட்டு, நாடி ஒடுங்கிக் கெடக்கு, சத்து இல்லன்னு லேகியம் குடுத்து அனுப்புனாரு." அந்த வைத்தியர் கவனித்தது சரிதான். நாடி ஒடுங்கித்தான் கிடந்தது. ஏன் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பார்த்த மூன்று டாக்டர்களுக்கும் தெரியவில்லை.

முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேனான சிடி ஆஞ்சியோ எடுத்தார்கள். நோயின் பெயர் தகாயாசு அழற்சி. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "இது எத்தனை பேருக்கு வரும் தம்பி? எவ்வளவு செலவாகும்?" எண்ணுவதையே தொழிலாக வைத்திருக்கிறேன், ஆனால் இரண்டுக்கும் நேராக ஒரு பதில் என்னால் சொல்ல முடியவில்லை. நேரான பதில் ஏன் கிடையாது என்பதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. உடம்பின் காவல் படை அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுதான் அழற்சி. சில நோய்களில் அந்தப் படை எதிரியே இல்லாத இடத்தில் போய்ச் சண்டை போடும். தகாயாசுவில் அது தாக்குவது இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் சுவரையும், அதிலிருந்து பிரிகிற பெரிய கிளைகளையும். சுவர் தடித்து, உள்ளே ரத்தம் போகிற வழி குறுகி, சில இடத்தில் அடைத்தே போகும். இடக்கைக்குப் போகும் கிளை அடைபட்டால் அங்கே நாடி கிடைக்காது. 1908-இல் ஜப்பானில் தகாயாசு மிகிதோ என்ற கண் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் மாலை போலச் சுற்றியிருப்பதைப் பார்த்துச் சொன்னார். இதே மாதிரிக் கண் உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் நாடியும் இல்லை என்று கூட இருந்த மருத்துவர்கள் கவனித்துச் சொன்னார்கள். நாடியற்ற நோய் என்ற பெயரும் அதற்கு உண்டு. பெரும்பாலும் 40 வயதுக்குள், பெரும்பாலும் பெண்களுக்கு வருவது.

இந்தியாவில் இது பல பேருக்கு வயிற்றுப் பக்கம் இறங்கி, சிறுநீரகத்துக்குப் போகும் குழாயைப் பிடிக்கிறது. தன்னிடம் வரும் ரத்தம் குறைந்ததும், உடம்பு முழுக்கவே அழுத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றச் சொல்கிறது. அந்த 164 வந்த வழி அதுதான்.

எத்தனை பேர்?

எத்தனை பேர் என்பது ஒரே கேள்வி போலத் தெரியும், உண்மையில் அதில் இரண்டு கேள்வி இருக்கிறது. கல்யாணிலிருந்து கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரை வருகிற ஸ்லோ லோக்கல் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எத்தனை பேர் புதிதாக ஏறுகிறார்கள் என்பது ஒரு எண். இந்த நிமிஷம் பெட்டிக்குள் மொத்தம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது வேறு எண். முதல் எண்ணுக்கு நோய்க் கணக்கில் நிகழ்வு வீதம் என்று பெயர்: ஒரு வருஷத்தில் இத்தனை ஆயிரம் பேரில் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது. இரண்டாவது எண் பரவல் வீதம்: இன்றைக்கு அந்த நோயோடு வாழ்கிறவர்கள் எத்தனை பேர்.

சாதாரணக் காய்ச்சல் டோம்பிவிலியில் ஏறி தானேயில் இறங்கிவிடும் ஆள். தினமும் ஆயிரக்கணக்கில் ஏறினாலும் உடனே இறங்கிவிடுவதால் பெட்டியில் கூட்டம் நிற்காது. தகாயாசு கல்யாணில் ஏறி சிஎஸ்எம்டி வரை வருகிற ஆள். ஒரு ஸ்டேஷனில் ஒருவர்தான் ஏறுவார், ஆனால் யாரும் இறங்குவதில்லை. 20 வயதில் வந்த நோய் மருந்தால் அடங்கும், மறுபடி தலைதூக்கும், ஆனால் கூடவே இருக்கும். அதனால் ஏறுகிறவர் எண்ணிக்கையைப் பயண தூரத்தால் பெருக்கினால் பெட்டிக்குள் இருப்பவர் எண்ணிக்கை தோராயமாக வந்துவிடும். 10 லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவர் வீதம் ஏறி, ஒவ்வொருவரும் 40 வருஷம் நோயோடு இருந்தால், எந்த நாளில் எண்ணினாலும் 10 லட்சத்துக்கு 40 பேர் இருப்பார்கள்.

இந்தப் பெருக்கலில் ஒரு விசித்திரம் உண்டு. சிகிச்சை நன்றாக இருந்து நோயாளி அதிக காலம் வாழ்ந்தால் பரவல் வீதம் ஏறும். நோயாளிகள் சீக்கிரம் இறக்கிற ஊரில் அது இறங்கும். ஆகவே ஓர் ஊரில் இந்த நோய் கம்மி என்று யாராவது சொன்னால், புதிதாக வருகிறவர்கள் கம்மியா, வந்தவர்கள் பிழைக்கவில்லையா என்று கேட்க வேண்டும். வெறும் எண் அதைச் சொல்லாது.

அந்த 40 நான் கற்பனை செய்த எண் இல்லை. ஜப்பானில் 10 லட்சத்துக்குச் சுமார் 40 என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு கணக்கு சுமார் 5 என்றது. 2011 சென்சஸ்படி மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 1 கோடியே 24 லட்சம் பேர். ஜப்பான் வீதத்தைப் போட்டால் சுமார் 500 பேர், இங்கிலாந்து வீதத்தைப் போட்டால் 62 பேர். காலை நெரிசலில் 500 பேர் லோக்கலின் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடுவார்கள், 62 பேர் கதவோரமே நின்றுவிடுவார்கள். ஒரே ஊருக்கு இவ்வளவு வித்தியாசமான இரண்டு பதில். இரண்டுமே இரவல் எண்ணில் போட்ட கணக்கு என்பதை மறக்கக் கூடாது. வேறு நாட்டு எண்ணை நம் ஜனத்தொகையால் பெருக்கி "மும்பையில் இத்தனை பேர்" என்று யாராவது எழுதினால், அது எண்ணியது அல்ல, ஊகித்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பத்திரிகையில் வரும் பாதி எண்கள் இந்த வகைதான்.

சரி, நாமே எண்ணினால் என்ன? நான் ஒரு நாளில் 12 வீடு பார்ப்பேன், வீட்டுக்கு 5 பேர் என்றால் 60 பேர். 10 லட்சத்துக்கு 40 என்பது 25,000 பேரில் ஒருவர். ஒரே ஒரு நோயாளியைச் சந்திக்க நான் லீவே போடாமல் 400 நாளுக்கு மேல் படியேறி இறங்க வேண்டும். அப்படிச் சந்தித்தாலும் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. சர்க்கரையை விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும். இதற்கு ஆஞ்சியோ தேவை. சர்க்கரைக்கு உதவுகிற வீட்டுக் கணக்கெடுப்பு அரிய நோய்க்கு உதவாமல் போவது இதனால்தான்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் போய் எண்ணலாமா? பரேலில் கேஇஎம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். கொங்கணியும் மராத்தியும் போஜ்புரியும் தமிழும் கேட்கும். ரத்னகிரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்தவர் இருப்பார், கோரக்பூரிலிருந்து வந்து உறவுக்காரரின் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், தங்கியிருப்பவர் இருப்பார். வீதம் என்பது ஒரு பின்னம். மேல்வரியில் நோயாளிகளின் எண்ணிக்கையை எழுதிவிடலாம். கீழ்வரியில் யாரை எழுதுவது? மும்பை ஜனத்தொகையா, மகாராஷ்டிரம் முழுதுமா, பாதி வட இந்தியாவுமா? இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மும்பைத் தமிழர்கள் பல பேர் பெரிய நோய் என்றதும் வேலூருக்கு ரயில் ஏறிவிடுகிறோம். அப்போது மும்பையின் நோயாளி வேலூர் சிஎம்சி ஏட்டில் ஏறுகிறார்.

கீழ்வரி தாராவியிலேயே ஆட்டம் காண்கிறது. இங்கே 6 லட்சம் பேர் என்கிறவர்களும் உண்டு, 10 லட்சம் என்கிறவர்களும் உண்டு. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய சென்சஸ் எடுக்கப்படவில்லை, 2027-க்குத் தள்ளிவைத்தார்கள். ஒரே வீதத்தை வைத்தாலும் தாராவியில் 24 பேரா 40 பேரா என்பது, இங்கே எத்தனை தலை என்பதைப் பொறுத்தது. நோயை எண்ணும் முன்னால் ஜனங்களை எண்ண வேண்டியிருக்கிறது. அதிலும் யார் யார் என்பது முக்கியம். வேலை தேடி ஆண்கள் தனியாக வந்து குவிகிற ஊர் இது. 2011-இல் மும்பைப் புறநகர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 860 பெண்கள்தான். இளம்பெண்களைத் தேடிப் பிடிக்கிற நோயை, ஆண்கள் மிகுந்த ஊரிலும் பெண்கள் மிகுந்த ஊரிலும் ஒரே மாதிரி மொத்த ஜனத்தொகையால் வகுத்து ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரித்துச் சமன் செய்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது, புதிதாக எண்களைப் பார்க்கிறவர்கள் அதில் தவறாமல் விழுவார்கள். ஓர் ஊரில் சராசரியாக வருஷத்துக்கு 4 பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வையுங்கள். போன வருஷம் 3, இந்த வருஷம் 6. "நோய் இரட்டிப்பு" என்று செய்தி வரும். ஆனால் சராசரி 4 என்றால், எதுவுமே மாறாமலிருந்தாலும், வெறும் தற்செயலால் ஒரு வருஷம் 1 வரும், இன்னொரு வருஷம் 8 வரும். 4,000 பேர் 6,000 ஆனால் ஏதோ நடந்திருக்கிறது, தேட வேண்டும். 3 பேர் 6 ஆவது அப்படியல்ல. அரிய நோய்க்கு ஒரே ஒரு வருஷத்து எண்ணை மட்டும் காட்டுகிறவரிடம், பக்கத்து வருஷங்களின் எண்களையும் கேளுங்கள்.

"அரிய" என்ற சொல்லுக்கே எல்லை ஒவ்வொரு நாட்டிலும் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேருக்கு 5-க்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவில் 1983-இல் வந்த சட்டத்தின் வழியில், நாடு முழுக்க 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஜப்பானில் 50,000 பேர். இந்தியாவின் அரிய நோய்க் கொள்கை 2021-இல் வந்தது. அதில் இப்படி ஓர் எண் கிடையாது. போதுமான தரவு இல்லாததால் எண்ணை வைத்து வரையறுக்க முடியவில்லை என்று அந்தக் கொள்கையே சொல்கிறது. எண்ணாததால் வரையறை இல்லை. வரையறை இல்லாததால் யாரை எண்ணுவது என்றும் தெரியவில்லை. அக்காவின் மகள் அந்தச் சுழலுக்குள்தான் நிற்கிறாள்.

ஜப்பானால் மட்டும் எப்படி 40 என்று சொல்ல முடிந்தது? அங்கே ஆள் வைத்துத் தேடவில்லை, பணம் கொடுத்தார்கள். 1972-இல் தீராத நோய்களுக்கான அரசுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பட்டியலில் உள்ள நோய் இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சிகிச்சைச் செலவில் அரசு பங்கெடுக்கும். தகாயாசுவும் பட்டியலில் சேர்ந்தது. பதிந்தால் உதவி கிடைக்கும் என்றதும் நோயாளிகள் தாங்களாகவே வந்து பதிந்தார்கள், வருஷா வருஷம் புதுப்பித்தார்கள். அந்தப் பதிவேடே கணக்கெடுப்பாகிவிட்டது. நம்மூரில் ரேஷன் கார்டில் பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்க யாரும் வந்து நினைவூட்ட வேண்டியதில்லை, அது போல. அந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. 2015-இல் புதுச் சட்டம் வந்தபோது நோய் லேசாக இருப்பவர்களுக்கு உதவியைக் குறைத்தார்கள். அதன் பிறகு வரும் எண்ணை அதற்கு முந்தைய எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது.

எவ்வளவு செலவு?

அக்கா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். 40 பக்க ரூல்டு நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. முதல் ஒரு வருஷத்துச் செலவை என்னோடு உட்கார்ந்து கூட்டினார். அதை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன். ஒரு குடும்பத்தின் கணக்கு, அவ்வளவுதான், இதை ஊரின் சராசரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாத்திரைக்கு மாதம் 250 வீதம் 3,000 ரூபாய். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அட்டை ஒன்று வடாபாவ் விலைதான், காவல் படையை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் மலிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை, மொத்தம் 2,400. ஸ்கேன் ஒருமுறை, 9,000. ஆஸ்பத்திரிக்கு 14 தடவை போய்வர 1,680. அக்கா இவ்வளவோடு பென்சிலை வைத்துவிட்டார்.

"அந்த 14 நாளும் இட்லி ஊத்துனீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எப்படித் தம்பி? மூணு மணிக்கு அடுப்பு பத்த வெச்சா ஒம்பது மணிக்குத்தான் பாத்திரம் காலியாவும். ஏழு மணிக்கு டோக்கன் எடுக்க நிக்கணும்ல."

ஒரு நாள் இட்லியில் செலவு போக அவர் கைக்கு நிற்பது 700. 14 நாளுக்கு 9,800. மகள் பட்டறையில் வாங்குவது நாளுக்கு 450, அது 6,300. இரண்டும் சேர்ந்து 16,100. எல்லாம் கூட்டினால் 32,180. அதில் மாத்திரை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதி, கையை விட்டு எங்கும் போகாத பணம். வர வேண்டியது, வராமல் போனது. இதை மறைமுகச் செலவு என்பார்கள். மாத்திரை, ஸ்கேன், டாக்டர் ஃபீஸ் நேரடி மருத்துவச் செலவு. டாக்சியும் அங்கே தின்ற பிஸ்கெட்டும் நேரடிச் செலவுதான், ஆனால் மருத்துவம் அல்லாதது. ஆஸ்பத்திரி பில்லை மட்டும் வைத்து ஒரு நோயின் செலவைக் கணக்கிட்டால் எவ்வளவு விட்டுப்போகும் என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதிலும் பெரியது ஒன்று நோட்டில் இல்லவே இல்லை. இடக்கைக்கு ரத்தம் போதாததால் துணியை நகர்த்திப் பிடித்தபடி பத்து நிமிஷம் தைத்தால் கை வலித்துக் கனத்துவிடும். இரண்டாவது வருஷம் அவள் வேலையை விட்டாள். மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் வருஷத்துக்கு 1,35,000 ரூபாய். முன்னே கூட்டிய மொத்தத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

இந்த இழப்பை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒரு கட்சி, அவள் வேலை செய்ய முடியாத எல்லா வருஷத்தின் சம்பளத்தையும் கூட்டு என்கிறது. இன்னொரு கட்சி, அந்த இடத்தில் வேறு ஆள் வரும் வரைதான் இழப்பு என்கிறது. அவள் உட்கார்ந்த தையல் மெஷினில் அடுத்த திங்கட்கிழமையே வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். பட்டறைக்கு நஷ்டம் மூன்று நாள். அந்தக் கணக்கில் பார்த்தால் ஊருக்கு நஷ்டமே இல்லை. அவள் வீட்டில் அந்த 1,35,000 இல்லை. செலவு என்று ஓர் எண்ணைக் காட்டினால், இது யார் நிற்கும் இடத்திலிருந்து போட்ட கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு செலவு, அரசுக்கு ஒரு செலவு, குடும்பத்துக்கு ஒரு செலவு. என்னைக் கேட்டால் குடும்பத்தின் பக்கமிருந்து போடாத கணக்கு அரைக் கணக்கு.

இப்போது ஊர் முழுக்கப் பெருக்கிப் பார்ப்போம். வேலை போனதை விட்டுவிட்டு, 500 பேர், ஆளுக்கு 32,180 என்றால் 1 கோடியே 61 லட்சம் ரூபாய். மும்பை மாநகராட்சியின் 2024-25 பட்ஜெட் 59,954 கோடி. பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாத தொகை. அரிய நோய்களுக்கு நேர்கிற அநியாயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நோய்ச்சுமை என்று மொத்தத்தைப் பார்க்கிறவருக்கு இது ஒன்றுமே இல்லை, அதனால் பட்டியலில் கடைசிக்குப் போகிறது. ஒரு கோலிக்குள் நின்று பார்க்கிறவருக்கு வீடே சாய்கிறது. மொத்தச் சுமை சின்னது, தலைச்சுமை பெரியது. இரண்டு எண்ணையும் ஒன்றாகக் காட்டாத அறிக்கை பாதியைத்தான் சொல்கிறது.

சராசரியும் ஏமாற்றும். பத்துக் குடும்பத்தில் ஒன்பது வருஷத்துக்கு 30,000 செலவழிக்கிறது. பத்தாவது குடும்பத்தில் மாத்திரை கேட்கவில்லை, ஊசியாகப் போடும் உயிரியல் மருந்தும், குறுகிய குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டும் வேண்டியிருந்தது, 12 லட்சம் ஆனது. சராசரி 1,47,000. அந்தப் பத்துக் குடும்பத்தில் யாருமே 1,47,000 செலவழிக்கவில்லை. பட்ஜெட் போடும் அரசுக்கு அந்தச் சராசரி தேவை, ஆளுக்கு அவ்வளவு ஒதுக்கினால்தான் பத்தாவது குடும்பத்தையும் தாங்க முடியும். ஆனால் "எனக்கு எவ்வளவு ஆகும்" என்று கேட்கும் அக்காவிடம் சொல்ல வேண்டியது நடுவில் நிற்கும் எண், 30,000. கூடவே, பத்தில் ஒருவராக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் ஜனங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 விழுக்காடு, 2021-22-இல் 39.4. குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் 5 லட்சம் ரூபாய் வரை தருகிற ஆயுஷ்மான் பாரத் போன்ற திட்டங்கள் முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும். தகாயாசு வருஷத்தில் 350 நாள் வெளிநோயாளி நோய். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, வரிசை, திரும்பி வருவது. 2021 கொள்கையின் கீழ் குறிப்பிட்ட மையங்களில் 50 லட்சம் வரை உதவி உண்டு, மும்பையில் கேஇஎம் அந்த மையம். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பிறவியிலேயே வரும் மரபணு நோய்கள். இருபது வயதில் வருகிற அழற்சிக்காக அதை யாரும் எழுதவில்லை.

தாமதத்தின் செலவையும் சொல்ல வேண்டும். எந்தத் தொகையிலும் சேராதது அது. மெஷின் முதல்முறை எழுத்தைக் காட்டியதற்கும் நோயின் பெயர் தெரிந்ததற்கும் நடுவில் மூன்று வருஷம். சுவர் வீங்கியிருக்கும்போதே மருந்து கொடுத்தால் அடங்கும். தழும்பாகி இறுகிய பிறகு மாத்திரை அதைத் திறக்காது, பலூனும் ஸ்டென்ட்டும் அறுவையும்தான் வழி. நோய் எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று அளக்கவே நம் நாட்டு மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், ஐடாஸ் 2010 என்று அதற்குப் பெயர். வேலூர் சிஎம்சியின் பங்கு அதில் உண்டு. அளக்கிற கருவி நம்மிடம் இருக்கிறது. அளக்க வேண்டிய ஆள் அந்த வாசலுக்குப் போய்ச் சேருவதுதான் தாமதமாகிறது.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று. வீட்டில் இளம்பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கைக்கும் மறு கைக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தாலோ, தலை வாரும்போதும் கொடியில் துணி போடும்போதும் கை சட்டென்று சோர்ந்து வலித்தாலோ, மெஷினைக் குறை சொல்லாமல் ஆஸ்பத்திரியின் வாதநோய்ப் பிரிவுக்கு (ரூமட்டாலஜி) அழைத்துப் போங்கள்.

எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். நான் இப்போது எல்லா வீட்டிலும் இரண்டு கையிலும் பார்க்கிறேன், மறுகையின் எண்ணை ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன். கணினியில் அதை ஏற்ற இடமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் சந்தின் முறை வந்தது. அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். நாள்பட்ட நோய் என்ற வரிசையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, காசநோய் என்று போய்க் கடைசியில் "மற்றவை", பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. மகள் பெயருக்கு நேரே மற்றவையில் டிக் அடித்து, கோட்டின் மேல் தகாயாசு என்று எழுதினேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒரு ஆளாச்சா தம்பி?"

"ஒரு ஆளாச்சு அக்கா."